அதைவிட இது தேவலை

நான்காவது நாவலிலும் கடைசித் தாள் இல்லை.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஐந்தாவதை எடுத்துப் பின்பக்கமாகத் திறந்தாள். இல்லை. ஆறாவதிலும் இல்லை. பிளேடால் கீறியது போலச் சுத்தமான வெட்டு. உற்றுப் பார்த்தால்தான் அங்கே ஒரு தாள் இருந்ததே தெரியும். பையைக் கவிழ்த்துக் கொட்டி எல்லாவற்றையும் புரட்டிவிட்டாள். பை நிறைய நாவல்கள், ஒன்றுக்கும் முடிவில்லை.

"என்னம்மா, யார் யார் செத்தாங்கன்னு பார்த்தாச்சா?" என்று கேட்டார் மாமனார், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இன்னும் இல்ல மாமா."

"நிதானமாப் பாரு. செத்தவங்க எங்கே போயிடப் போறாங்க?"

அவர் கேலி செய்ததில் நியாயம் இருந்தது. பள்ளிக்கூட நூலகர் அவள். கணவன் போன பிறகு ஒரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படித்ததில்லை. எடுத்ததும் கடைசிப் பக்கம். அதில் யாராவது செத்திருந்தால் மூடிவிடுவாள். யாராவது அழுதுகொண்டிருந்தாலும் மூடிவிடுவாள். யாரோ ஜன்னலருகே நின்று வானத்தைப் பார்த்தார்கள் என்றிருந்தால்கூடச் சந்தேகப்பட்டு மூடிவிடுவாள். எல்லாரும் சுகம் என்றிருந்தால், "அதான் சுகமா இருக்காங்களே, இனிமே படிக்க என்ன இருக்கு" என்று அதையும் மூடிவிடுவாள். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான். "இதைப் படி, நல்ல புஸ்தகம், யாரும் சாகலை" என்று சொல்லி அவள் கொடுத்ததில் ஒன்று தேனீ வளர்ப்புக் கையேடு.

மாமனாருக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. "முடிவைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிப்பேன்னா ஒருத்தனும் பொறக்கவே மாட்டான்" என்று ஒரு தடவை சொன்னார். அவள் எழுந்து உலை வைக்கப் போனாள். அவரும் மிஷினுக்குத் திரும்பினார். அந்த வீட்டில் பேச்சு அவ்வளவுதான். "மாத்திரை போட்டாச்சா?" "ஆச்சு." "கதவைச் சாத்தினியா?" "ஆச்சு." ஒரே ஆளைத்தான் இரண்டு பேரும் இழந்திருந்தார்கள், அவருக்கு மகன், அவளுக்குப் புருஷன். ஆனால் துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் ஊரடங்கு வந்தது. "நாளையிலேர்ந்து யாரும் வரவேண்டாம்" என்று தலைமையாசிரியை சொன்னதும், மேஜைக்கடியில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் அன்று காலையில்தான் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்தனுப்பிய பை அது. வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. யார் தொட்டதோ, யார் தும்மியதோ! கடைப் பொருள்களையே சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்த காலம். புத்தகத்தை எப்படிக் குளிப்பாட்டுவது? மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினாள்.

"நீ கீழே போம்மா. நான் பார்த்துக்கறேன். காக்கா கீக்கா வரும்" என்று மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

"காக்கா வந்து நாவலா படிக்கப்போகுது?"

"படிச்சாலும் முதல் பக்கத்திலேர்ந்து படிக்கும்."

அப்படி மூன்று நாள் வெயிலில் காய்ந்து, கிருமி ஒழிந்து, வீட்டுக்குள் வந்த புத்தகங்கள்தாம் இப்போது இப்படி வாலறுந்து கிடந்தன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். அதற்காக மாட்டுக்கு வாலே இல்லை என்றால்கூடவா பார்க்கக் கூடாது? டீச்சரம்மா வீட்டில் ஏதோ பேரன் பேத்திகள் பிளேடை வைத்துக்கொண்டு விளையாடியிருக்க வேண்டும். போன் போட்டுக் கேட்கலாம் என்றால், நன்கொடை கொடுத்தவரிடம் போய்க் குறை சொல்வதா?

வீட்டில் வேறு புத்தகமும் இல்லை. செய்தித்தாள் நின்றுபோயிருந்தது. குக்கர் வாங்கியபோது கொடுத்த கையேடு ஒன்று அகப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தில், "உத்தரவாதம் ஒரு வருடம் மட்டுமே" என்றிருந்தது. மூடிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் ஒரு நாவலை எடுத்து, ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"வாயைத் திறந்து படியேன்" என்றார் மாமனார். "என் கண்ணு வரவர மங்கிக்கிட்டே போகுது. ஆபரேஷனையும் தள்ளிப்போட்டுட்டாங்க. எனக்கும் பொழுது போகும்."

"கண்ணு தெரியாமத்தான் மாஸ்க் தைக்கிறீங்களா மாமா?"

"தைக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? நாற்பது வருஷம் கடை வச்சிருந்தவன். கைக்குத் தெரியும். ஊசி கோக்கத்தான் நீ வேணும்."

தெருவுக்கெல்லாம் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார் அவர். மகனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தைத்தார். முதல் சட்டையின் தையலை அவர் பிரித்தபோது அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். "சும்மா தொங்கிக்கிட்டுத்தானே இருக்கு" என்று அவர் சொன்னது பின்னாலேயே வந்தது. இப்போது எதிர்வீட்டுக்காரர், பால் போடுபவர், மருந்துக்கடைக்காரர் எல்லாரும் அவள் புருஷனின் நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஆளுக்கொரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நடமாடினார்கள்.

அவள் படித்தாள். ஒரு ரயில் நிலையத்தில் யாரும் வாங்கவராத ஒரு டிரங்குப் பெட்டியைப் பற்றிய கதை. நிலைய அதிகாரி அதை வருடக்கணக்காகக் காவல் காக்கிறார். இரண்டு சாயங்காலம் படித்தாள். தொண்டை வறண்டது, மாமனார் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது சாயங்காலம் கடைசி அத்தியாயம். நிலைய அதிகாரி பூட்டை உடைத்தார். மூடியைத் தூக்கினார். "உள்ளே"

அதோடு தாள் முடிந்தது.

"உள்ளே?" என்றார் மாமனார்.

அவள் அடுத்த தாள் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள். பின்னட்டையைப் பார்த்தாள். மாமனார் மிஷினை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கைவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் காத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, "பக்கம் இல்ல மாமா" என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. இவருக்குத்தான் கண் தெரியாதே என்று ஒரு துணிச்சலும் வந்தது.

"உள்ளே... பாதி பின்னின ஸ்வெட்டர் ஒண்ணு இருந்தது" என்று பின்னட்டையைப் பார்த்துப் படித்தாள். "ஊசிகூட எடுக்காம அப்படியே. நிலைய அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீதியைப் பின்ன ஆரம்பித்தார். முற்றும்."

"ஸ்வெட்டரா? மார்பளவு என்னன்னு போட்டிருக்கா?"

"போடலை மாமா."

"போட்டிருக்கணும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "ம். அதைவிட இது தேவலை."

"எதைவிட?"

"பொதுவாச் சொன்னேன்மா."

பொத்தான் டப்பாவையும் போனையும் எடுத்துக்கொண்டு காற்று வாங்க மாடிக்குக் கிளம்பினார்.

"மாஸ்க்குக்குப் பொத்தான் எதுக்கு மாமா?"

"சும்மா எண்ணி வைக்கலாம்னுதான்" என்றார் படியிலிருந்து.

ஒரு பொய்யோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளே மாமனார் அந்தக் கதையை வாட்ச் ரிப்பேர் செய்யும் சிநேகிதருக்குப் போனில் சொல்லிவிட்டார். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் காலம் தள்ளியவர்கள். வாட்ச்காரர் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். கூட இருப்பது முழுக்க ரிப்பேருக்கு வந்து, ஊரடங்கினால் யாரும் வாங்கவராத கடிகாரங்கள். அவருக்குப் பொட்டில் அறைந்தது போலாகிவிட்டது.

"மருமகளே, எனக்கும் படி! இங்கே ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு மணி அடிக்குது, எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு."

சாயங்காலமானால் போனை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அடுத்த நாவல் துப்பறியும் கதை. பெரிய பங்களா, ஏகப்பட்ட ஆள்கள், இரண்டு கொலை. வாட்ச்காரர் நிமிடத்துக்கு ஒரு தடவை, "அந்த டிரைவரை நம்பாதே" என்று குறுக்கே விழுந்தார். கடைசியில் துப்பறிவாளர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, கையை நீட்டினார். "கொலைகாரர் வேறு யாருமல்ல, இதோ இந்த அறையிலேயே இருக்கும்"

தாள் முடிந்தது.

"யாரு? யாரு? டிரைவர்தானே?" என்று போன் அலறியது.

டிரைவர் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் கதை சொல்கிறவளுக்கு ஒரு கர்வம் வந்துவிடுகிறதே! யாரும் நினைத்துப் பார்க்காத ஆளைப் பிடிக்கவேண்டும் என்று பட்டது.

"சமையல்காரர்!" என்றாள்.

போனில் பல கடிகாரங்கள் மட்டும் டிக்டிக்கென்றன.

"மருமகளே, சமையல்காரனைத்தானே நாலாம் அத்தியாயத்துல கிணத்துலேர்ந்து பிணமா எடுத்தாங்க?"

அவள் அவசரமாக நாலாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். "அ... அது அவரோட தம்பி. ரெட்டைப் பிறவி."

"ரெட்டைப் பிறவியா? அதை எப்பச் சொன்னான்?"

"இப்பத்தான் சொல்றாரு. கடைசிப் பக்கத்துல."

"அயோக்கியப் பய! கடைசிப் பக்கத்துல வந்து ரெட்டைப் பிள்ளை பெத்துப் போடறவன் ஒரு எழுத்தாளனா? நான் சும்மா விடமாட்டேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, என் கண்ணால பார்க்கணும்."

மாமனாருக்கு என்னவோ திடீரென்று புரையேறி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போட்டோவுக்கு என்ன செய்வது? நாவலின் நடுவிலிருந்து ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, கையை வேண்டுமென்றே ஆட்டிப் படம் எடுத்து அனுப்பினாள். சும்மா இருப்பாரா அவர்? கடிகாரத்தின் பல்சக்கரத்தைப் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"ஒண்ணும் தெரியலையே மருமகளே! மழையில எருமை நிக்கற மாதிரி இருக்கு."

"கை நடுங்கிடுச்சு. வயசாகுதில்ல?"

"உனக்கா? சரி விடு. அந்தப் பை டீச்சரம்மா கொடுத்ததுதானே? அவங்க வீட்டுச் சுவர்க்கடிகாரம் என்கிட்டதான் இருக்கு. போன் போட்டு அவங்களையே கேட்டுடறேன்."

புத்தகத்தின் சொந்தக்காரியே வந்து, "எந்த ரெட்டைப் பிறவி?" என்று கேட்டால்? பொய் சொன்ன அவமானம்கூடப் பெரிதில்லை. சாயங்காலம் நின்றுபோகும். அதுதான் அவளைக் கலக்கியது. இந்தக் கொஞ்ச நாளில் அந்த வீட்டில், "மாத்திரை போட்டாச்சா" தவிரவும் பேச்சு நடக்க ஆரம்பித்திருந்தது. "அந்த டிரைவர் பாவம்மா, அவன்மேல எல்லாருக்கும் சந்தேகம்" என்று மாமனார் காலையில் பல்விளக்கிக்கொண்டே சொன்னார். "பாவம்னா அவன் எதுக்கு மாமா தோட்டத்துல குழி தோண்டினான்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். குழி தோண்டியது சரியா தப்பா என்று மத்தியானம் வரைக்கும் சண்டை. சண்டை! அந்த வீட்டில் சண்டை நடந்து எத்தனை காலமாயிற்று!

"நீ இருப்பா" என்று மாமனார் போனைக் கையில் எடுத்தார். "டீச்சரம்மாவை நானே கேக்கறேன்." பொத்தான் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினார். வெகுநேரம் கழித்து இறங்கிவந்தார்.

"என்ன சொன்னாங்க மாமா?" அவள் படியடியிலேயே நின்றிருந்தாள்.

"நாளையிலேர்ந்து அவங்களும் கதை கேக்க வர்றாங்களாம்."

மறுநாள் சாயங்காலம் ஸ்பீக்கரில் டீச்சரம்மாவின் கணீர்க்குரல் கேட்டது. வகுப்பில் பின்பெஞ்சு வரைக்கும் போய்ப் பழகிய குரல். வாட்ச்காரர் எடுத்ததுமே வழக்கைப் போட்டார்.

"டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. அந்தச் சமையல்காரனுக்கு ரெட்டைப் பிறவி உண்டா, இல்லையா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருந்தானே" என்றார் டீச்சரம்மா. "மீசை வச்ச தம்பி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். ஐயோ பாவம், வயதாகி நினைவு தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தப்பித்தோம் என்ற நிம்மதியில் அன்று இரண்டு அத்தியாயம் கூடுதலாகப் படித்தாள்.

அப்புறம் என்ன, துணிந்தவளுக்குத் துக்கமில்லை. நாவல் மேல் நாவலாக ஓடியது. முதலில் முடிவுக்குப் பயந்துகொண்டே படித்தவள், போகப்போக முடிவை மனதில் நெய்துகொண்டே படித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது கடத்தல்காரனைத் திருத்தினாள். துணி உலர்த்தும்போது ஒரு விதவைக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கூடவே நடந்துவந்த ஆள்களைக் கடைசியில் கைவிட மனம் வருமா? கப்பலில் தொலைந்துபோன பையனைக் கரை சேர்த்தாள். ஒரு கிழட்டு நாயை மட்டும் காப்பாற்ற வழியே தெரியாமல் இரண்டு நாள் திண்டாடினாள். "நாயை விட்டுடாதே மருமகளே" என்று வாட்ச்காரர் காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவைத்திருந்தார்.

ஒவ்வொரு தடவையும் மாமனார் யோசித்து, "ம், அதைவிட இது தேவலை" என்பார். டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். முந்தின கதையைவிட இது தேவலை என்கிறார்போலிருக்கிறது, நாளுக்கு நாள் கை தேறுகிறது நமக்கு என்று அவள் உள்ளூரப் பூரித்துப்போனாள். ஒரு நாள் ஊசி கோத்துக் கொடுக்கப் போனபோது ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது. "குருட்டாம்போக்கில கோத்துக்கிட்டேன்" என்றார்.

கடைசியாக மிஞ்சியது ஒரு மெல்லிய நாவல். ஒரு குடும்பத்தின் கதை. நல்ல சிரிப்பான கதைதான். வாட்ச்காரர் சிரித்த சிரிப்பில் அவர் வீட்டுக் கடிகாரம் ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டது என்று அவரே சொன்னார். முடிகிற இடத்தில்தான் அந்த வீட்டு மகன் படுத்துவிட்டான். ஆஸ்பத்திரி. அவன் மனைவியும் அப்பாவும் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடிகிற நேரம்.

முன்பென்றால் இந்தப் புத்தகத்தின் முதுகைக்கூட அவள் தொட்டிருக்க மாட்டாள். இப்போது நடுவழியில் நிறுத்தவும் முடியாது. படித்தாள்.

"கதவு திறந்தது. மருத்துவர் வெளியே வந்தார். அவர்"

தாள் முடிந்தது.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். 'பிழைத்துவிட்டார்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒரு வார்த்தை. கடத்தல்காரனையே திருத்தியவளுக்கு இது பெரிதா? அந்த வார்த்தை வரவில்லை. மற்ற வார்த்தையும் வரவில்லை.

"பக்கம் இல்ல" என்றாள்.

"என்ன?" என்றார் வாட்ச்காரர்.

"கடைசிப் பக்கம் இல்ல. இதுல மட்டுமில்ல, எதுலயுமே இல்ல. எல்லாம் நானாச் சொன்னதுதான். ஸ்வெட்டர், ரெட்டைப் பிறவி, நாய், எல்லாம். உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

டீச்சரம்மா பக்கமிருந்து ஒரு இருமல் மட்டும் வந்தது. மாமனார் மிஷின் சக்கரத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

வாட்ச்காரர்தான் பேசினார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மருமகளே. டாக்டர் கதவைத் திறந்துக்கிட்டு வந்துட்டாரு. அவரை எவ்வளவு நேரம் நிக்கவைப்பே?"

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் ஒண்ணும் சொல்லலை" என்றாள் மெதுவாக. "தலையை மட்டும் ஆட்டினாரு. அவர் கோட்டுல ஒரு பொத்தான் இல்ல."

"மேலேயிருந்து ரெண்டாவது" என்றார் மாமனார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விடியற்காலையில் அவளும் அந்தப் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் அதையேதான் பார்த்தார் என்பது இவ்வளவு நாளாக அவளுக்குத் தெரியாது.

"ஆமா, ரெண்டாவது" என்றாள். "அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. போன அவசரத்துல கதவைப் பூட்டலை, திறந்தே கிடந்தது. அவ டீ போட்டா. பழக்கத்துல மூணு டம்ளர்ல ஊத்திட்டா. ரெண்டு பேரும் அந்த மூணாவது டம்ளரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ரொம்ப நாளைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. ஒரு நாள் பெரியவர், 'ஆறிப்போகுதும்மா, வீணாக்கக் கூடாது'ன்னாரு. ஆளுக்குப் பாதியாக் குடிச்சாங்க."

"அப்புறம்?" என்றார் மாமனார்.

"அப்புறம் அவ படிக்க ஆரம்பிச்சா. முதல் பக்கத்திலேர்ந்து."

பிறகு போனில் பலமாக மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"ஒண்ணுமில்ல, ஜலதோஷம்" என்றார் வாட்ச்காரர்.

"அட அசடே!" என்றார் டீச்சரம்மா. "அழறேன்னு சொன்னா மானம்தான் போகும். இந்தக் காலத்துல ஜலதோஷம்னு சொன்னா வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்கும்!"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாமனாரின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருந்தது. "ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போடக் கூடாது" என்று துண்டால் துடைத்துக்கொண்டார்.

அன்று அவர், "அதைவிட" என்று ஆரம்பிக்கவில்லை. டப்பாவோடு மாடிப்படி ஏறியவர் பாதியில் நின்று, "தேவலைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஊரடங்கு தளர்ந்து, ஆசிரியர்களும் ஊழியர்களும் மட்டும் பள்ளிக்கு வரலாம் என்றானதும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத் தாள் வைத்து பைண்ட் செய்துவிடுவது, பிள்ளைகள் ஆளுக்கொரு முடிவு எழுதட்டும் என்று வழிநெடுக யோசனை. ஆனாலும் நூலகர் புத்தி போகுமா? நிஜ முடிவு என்னவென்று தெரியாமல் புத்தகத்தை அலமாரியில் ஏற்ற மனம் ஒப்பவில்லை. வழியில் டீச்சரம்மா வீட்டு வாசலில் நின்றாள்.

டீச்சரம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் முகத்திலும் நீலக் கட்டம். அவள் முகத்திலும் நீலக் கட்டம். எட்டியே நின்று சிரித்துக்கொண்டார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கடைசிப் பக்கங்களை யாரோ பிளேடு வச்சு அழகா வெட்டியிருக்காங்க. உங்க வீட்டுச் சின்னப் பசங்க யாராவது எடுத்து எங்கேயாவது பத்திரமா வச்சிருக்காங்களான்னு..."

டீச்சரம்மா நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"எங்க வீட்ல ஏதும்மா சின்னப் பசங்க? ஒவ்வொரு கதை முடிஞ்ச அன்னிக்கும் உன் மாமனார்தானே மாடியிலேர்ந்து எனக்குப் போன் போட்டு, டப்பாவைத் திறந்து அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு எழுத்து விடாம படிச்சுக் காட்டிட்டு, 'சொல்லுங்க டீச்சரம்மா, இதைவிட எங்க பொண்ணு சொன்னது தேவலை இல்ல?'ன்னு கேப்பாரு!"